முகத்தில் பார்வை ஒட்டிய வருஷம்

கடலைப்பேட்டைக்காரர்களைப் பார்த்து முகத்தில் எண்ணெய் வழிகிறது என்று சொன்னால் அது ஏச்சு இல்லை, ஊர் விலாசம். பதினேழு ஆயில் மில் ஓடுகிற ஊரில் காற்றில் கடலை வாடை, கதவுத் தாழ்ப்பாளில் பிசுக்கு, பரீட்சைப் பேப்பரில் விரல் ரேகை என்று எல்லாம் மினுங்கிக்கொண்டிருக்க, பெண்கள் காலையில் நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு பதினோரு மணிக்கு மூக்குக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலுதட்டுக்கும் இறங்கிவிடும் என்பதால், வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்கள் மணி பார்க்கக் கடிகாரம் தேடாமல் மாமியார் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒருத்தி பியூட்டி பார்லர் திறந்தாள் என்றால் அவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவள் பெயர் தங்கபுஷ்பம். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, ஆகாததைப் பற்றி யாராவது கேட்டால் புருவம் திருத்துகிற நூலைக் கொஞ்சம் சுருக்கென்று இழுத்துவிடுவாள், கேட்டவர்கள் மறுபடி கேட்பதில்லை. மேலக் கடைவீதியில் அவள் பார்லர், அதற்கு நேரெதிரே தவசிமணியின் எண்ணெய்க் கடை, இரண்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். பதினோரு வருஷமாக அவள் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த சிகையலங்காரப் படத்தின் ஓரத்து இடைவெளி வழியாக அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துக் கடைசியில் சொன்னால் எனக்கு என்ன பட்டுவேட்டியா கட்டிவிடப் போகிறீர்கள்.

தவசிமணி ஒன்றும் பெரிய அழகன் இல்லை. நாற்பத்தொரு வயது, லேசான தொந்தி, முன்பல்லில் சந்து, நாலு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்த களைப்பு. ஆனால் எண்ணெய் அளந்து ஊற்றும்போது அவன் ஒரு சொட்டு சிந்த மாட்டான், ஊற்றி முடித்ததும் அளவுப் பாத்திரத்தின் விளிம்பை ஆள்காட்டி விரலால் ஒரு வழி வழித்து, வழித்ததையும் வாடிக்கைக்காரரின் பாட்டிலுக்கே விடுவான், அந்த ஒரு வழிப்பில்தான் தங்கபுஷ்பத்தின் பதினோரு வருஷம் போயிற்று. வீதியே அவனை அண்ணாச்சி என்று கூப்பிட்டபோது அவள் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை, "அரை லிட்டர் வேணும்", "சில்லறை இல்லை" என்று ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசிச் சமாளித்தாள். அவன் திரும்பிப் பார்த்தானா என்றால், அவள் பார்த்தவரைக்கும் இல்லை. அவள் நிமிரும்போதெல்லாம் அவன் தராசு முள்ளையே உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கையில் மதுரையிலிருந்து கம்பெனி ஆள் ஒருவன் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கி, உள்ளங்கையளவு பொடி டப்பா ஒன்றை மேஜையில் வைத்தான்.

"எண்ணெய்ச் சருமத்துக்குன்னே வந்திருக்கு மேடம். நம்ம வயித்துல கொழுப்பைக் கரைக்குதே ஒரு நொதி, அதே ஜாதி. லைப்பேஸ்னு பேரு."

"சோப்பு செய்யாததை இது என்ன செய்யும்?"

"சோப்பு எண்ணெயைத் தூக்கிக்கிட்டுப் போறதோட சரி. இது உக்காந்து துண்டு துண்டா வெட்டிப் போட்டுரும். கால் மணி நேரம் போதும். ஆனா ஒண்ணு, வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியிலதான் கலக்கணும். கொதிக்கிறதை ஊத்தினா செத்துரும்."

"செத்துருமா? அப்ப உசுரு இருக்குதா?"

"உசுருன்னு சொல்ல முடியாது மேடம். ஆனா செத்துரும்."

இந்தப் பதில் தங்கபுஷ்பத்துக்குப் பிடித்துப்போய் ஒரு டஜன் டப்பா வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கினாள்.

அந்தப் பொடியைக் குழைத்து முகத்தில் பூசிய முதல் மாஸ்க் ஐந்தாம் வகுப்பு அமலோற்பவம் டீச்சருக்கு. கழுவித் துடைத்தபோது டீச்சரின் முகம் புதுச் சிலேட்டு மாதிரி இருந்தது, ஊரிலேயே முதல்முறையாக ஒரு கன்னம் மினுங்கவில்லை. பத்தரை மணிக்குப் பார்லரைவிட்டுப் போன டீச்சர் மத்தியான மணி அடித்ததும் திரும்பி வந்தாள். அவள் முகத்தில் ஏழெட்டு இடத்தில் துவரம்பருப்பு அளவில், பூண்டுத்தோல் மாதிரி மெல்லிசாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னத்தப் போட்டுவிட்ட புஷ்பம்? யாராச்சும் பாத்தா வந்து ஒட்டுது. அலம்பினாலும் போகமாட்டேங்குது."

தங்கபுஷ்பம் இடுக்கியால் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள், டீசலும் பீடியும் கலந்த வாடை, பஸ் டிரைவர் சந்தியாகு. இன்னொன்றில் சாக்பீஸும் மூக்குப்பொடியும், அது ஹெட்மாஸ்டர், அதன் நிறம் அவர் வயதுக்கு ஒவ்வாத கருப்பட்டிப் பாகு நிறமாக இருந்ததால் டீச்சர் இடுப்பு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மீதியெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் வாசம் அடித்தன, பிள்ளைகளுடையவை.

விஷயம் அவ்வளவுதான். இத்தனை காலமும் இந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையெல்லாம் முகத்து எண்ணெயில் வழுக்கித் தரையில் விழுந்துகொண்டிருந்தது, இப்போது எண்ணெய் போனதும் ஒட்டிக்கொண்டது. இதில் அதிசயப்பட ஊருக்கு நேரமில்லை, அன்றைக்குச் சந்தை நாள்.

ஒரே வாரத்தில் ஊர் அதற்குப் பழகி, அதற்குச் சில்லு என்று பெயரும் வைத்துவிட்டது. சும்மா கண்ணில் படுவதும் தொழிலுக்காகப் பார்ப்பதும் ஒட்டாது, மனசு கலந்த பார்வைதான் ஒட்டும். சாம்பல் நிறச் சில்லு என்றால் இளக்காரம், புளிக்கரைசல் நிறம் என்றால் வயிற்றெரிச்சல், பால் வெள்ளை என்றால் பெற்றவர்களின் கவலை, கருப்பட்டிப் பாகு என்றால் மனசு வைத்தது, யாருடையது என்பதை வாடை சொல்லிவிடும், சாயங்காலம் தோலுக்குள்ளிருந்து எண்ணெய் மறுபடி ஊறியதும் எல்லாம் வழுக்கி விழும், நாய் பார்த்த சில்லு மட்டும் ராத்தூக்கம் வரைக்கும் நின்று காலையில் தலையணையில் கிடக்கும். பெண்டாட்டிகள் பக்கத்து வீட்டுக்காரியின் கன்னத்தைக் காரணமில்லாமல் முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள், புருஷன்மார்கள் தரையைப் பார்த்து நடந்ததில் ஒன்பது பேர் மின்கம்பத்தில் மோதினார்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களை எடைபோடுகிற பெரிசுகள் கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டும் பலனில்லை, சில்லு கண்ணாடியைத் தாண்டிக் கொஞ்சம் மங்கலாகப் போய் ஒட்டியது. வார்டு எலெக்‌ஷனில் நின்ற மாடசாமி மாஸ்க் போட்டுக்கொண்டு திறந்த ஜீப்பில் ஊர்வலம் போய், முகம் தெரியாமல் சில்லு அப்பிக்கொண்டதைத் தடவிப் பார்த்துக் கூட்டம் தன்பக்கம் என்று பூரித்தார், வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தபோது அத்தனையும் சாம்பல். நகராட்சித் தலைவரின் சம்சாரம் வேறொரு வழி கண்டாள், வென்னீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து மாஸ்க்கைக் கலந்து பூசி, ஒரு சில்லும் ஒட்டாத வழுவழுத்த முகத்தோடு வந்து தன்னை யாரும் தப்பாகப் பார்ப்பதே இல்லை என்று பீற்றிக்கொண்டாள்.

ஒருநாள் நகைக்கடை வீட்டுக் கற்பகக்கனி வந்தாள். ஊர்க்கண்ணெல்லாம் என்மேல்தான் என்று சொல்லிச் சொல்லி வெள்ளிக்கிழமை தவறாமல் மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டு அடுத்த வீட்டுக்காரர்களை இரும வைக்கிறவள் அவள். மாஸ்க் போட்டுக்கொண்டு, கழுத்து நிறைய நகையோடு கடைவீதியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவளின் முகத்தில் பொட்டு ஒன்றைத் தவிர வேறொன்றும் ஒட்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கண்ணாடியையே பார்த்தவள், "ஒருத்தர்கூடவா புஷ்பம்?" என்றாள். அப்புறம் அழுதாள். தங்கபுஷ்பத்துக்கு மனசு தாங்கவில்லை. அவள் படியிறங்கும்போது கதவிடுக்கு வழியாக அவள் காதோரத்தைப் பார்த்து, தன்னால் முடிந்த அளவு பிரியமாக ஒரு பார்வை பார்த்துவைத்தாள்.

மறுநாள் கற்பகக்கனி நடையே வேறாக வந்தாள். "நேத்து வீட்டுக்குப் போய்ப் பாத்தா ஒண்ணு ஒட்டியிருந்துச்சுடி. வெள்ளரிக்காயும் பன்னீரும் மணந்துச்சு. யாரா இருக்கும்?"

"வெள்ளரித் தோட்டத்துக்காரர் யாராச்சும் இருக்கும்க்கா."

"எந்தத் தோட்டம்னு விசாரிக்கணும்" என்று கற்பகக்கனி புறப்பட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் தங்கபுஷ்பத்துக்கு இரண்டு பயம் ஒரேயடியாக வந்து உட்கார்ந்தது. தன் சில்லு இப்படி வெள்ளரியும் பன்னீருமாக மணக்கிறதென்றால், தவசிமணி என்றைக்காவது மாஸ்க் போட்ட நிமிஷமே அவள் பதினோரு வருஷத்து மானம் கடைவீதியில் மணந்துவிடும். அது ஒன்று. தானே மாஸ்க் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு முன்னால் ஒரு நடை நடந்தால், கற்பகக்கனியைப்போல வெறும் முகத்தோடு திரும்பி வர நேருமோ என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிசு. ஊருக்கே பூசிவிட்டவள் தன் முகத்தில் ஒரு பொட்டுக்கூடத் தடவிப் பார்க்கவில்லை. தவசிமணியும் தடவவில்லை, எண்ணெய் விக்கிறவன் முகம் காஞ்சு கிடந்தா எவன் வாங்குவான் என்று சிரித்துத் தட்டிக்கழித்தான், அதனால் அவள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது கல்யாணத் தரகர்கள் கண்டுபிடித்த புது வழக்கம். பெண் வீட்டார் பேச்சை முடிக்குமுன் மாப்பிள்ளைக்கு மாஸ்க் போட்டு, கடைவீதியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடத்திவிடுவார்கள், அவன் திரும்பி வந்ததும் பெண்ணின் அத்தை முகத்தைச் சோதிப்பாள், எந்தப் பெண்ணின் கருப்பட்டிச் சில்லும் இல்லை என்றால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம். மாப்பிள்ளை நடை என்று இதற்குப் பெயர். மூன்று மாதத்துப் பழக்கத்தை முன்னோர் வகுத்த முறை என்று பேச ஊர் ஆரம்பித்திருந்தது.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை தவசிமணியின் மூத்த தங்கச்சி ராஜகனி பார்லருக்குள் நுழைந்து, "எங்க அண்ணனுக்கு வரன் தெகஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை நடை. நல்லா செஞ்சுவிடு புஷ்பம், உன் கைதான் ராசி" என்றாள். தங்கபுஷ்பம் சரியென்று தலையாட்டினாள். கையிலிருந்த நூல் அறுந்துபோனது.

இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தால் மானம் போகும், பார்க்காமல் இருந்தால் அவனே போய்விடுவான், அவன் முகம் சுத்தமாக இருந்தால் அன்றைக்கே தாம்பூலம், அதற்கப்புறம் அந்தக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பது அடுத்தவள் புருஷனை. யோசித்து யோசித்து, அவன் என்னைப் பார்க்காதவன், நான் பார்த்ததைக் காட்டி அவன் கல்யாணத்தைக் கெடுக்க எனக்கு என்ன பாத்தியதை என்கிற இடத்தில் வந்து நின்றாள். நின்ற இடத்தில் அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்ணின் அத்தை பேச்சிக்கனி வந்து பார்லர் வாசல் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அறுபதை நெருங்கின ஆள், புருஷன் போய் வருஷங்கள் ஆயிற்று, மாஸ்க் பரவிய சுற்றுவட்டத்து நாலு ஊரில் நாற்பது மாப்பிள்ளைகளை முகர்ந்து தள்ளிய மூக்கு. தவசிமணி புதுச் சட்டையோடு உள்ளே வந்து நாற்காலியில் ஒரு மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தான்.

தங்கபுஷ்பத்தின் கை ஒரு கணம் கொதிக்கிற கெட்டிலுக்குப் போனது. ஒரு கரண்டி ஊற்றினால் நொதி செத்துவிடும், ஒன்றும் ஒட்டாது, அவளும் கண்குளிரப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பதினோரு வருஷமாக ஆசைப்பட்ட முகத்துக்கு ஒரே ஒரு தடவை தொழில் செய்யக் கிடைத்திருக்கிறது, அதிலேயா கலப்படம் பண்ணுவது? கெட்டிலை வைத்துவிட்டு, புறங்கையில் விட்டுப் பார்த்து வெதுவெதுப்பான தண்ணீரில் பொடியைக் குழைத்தாள். பிறகு தன் கண்ணிரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கிடுங்க. எரியும்" என்றாள்.

"சரிங்க" என்றான் அவன்.

மூடிய கண்ணோடு ஒரு மனுஷன் முகத்துக்கு மாஸ்க் போட்டிருக்கிறீர்களா? முதல் கை அவன் காதுக்குள் போனது. இரண்டாவது கை மீசையில் மெத்தியது. நெற்றி இவ்வளவு மேட்டில் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, தாடை எங்கே முடிந்து கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தடவித்தான் கண்டுபிடித்தாள், கண்ணின்மேல் வைக்க வேண்டிய பன்னீர்ப் பஞ்சில் ஒன்றைப் புருவத்துக்கு மேலேயும் ஒன்றைக் கன்னத்திலும் வைத்து, சரியாகத்தான் வைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டுப் பட்டுப் போனது. இந்த முகம் நாளைக்கு வேறொருத்தியின் தலையணையில் கிடக்கும் என்று நினைத்ததும் அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்து இமைக்கடியிலிருந்து வழிய, மாஸ்க் அப்பிய கையாலேயே அதைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது, நெற்றி வியர்த்தது, அதையும் துடைத்தாள், கால் மணி நேரமும் அவள் வேலை இதுவாகவே இருந்தது. தன் முகத்தில் என்ன பூசிக்கொள்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

நேரம் ஆனதும் கண்ணைத் திறக்காமலேயே அவன் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டாள். செருப்புச் சத்தம் வெளியே போனதும், வாஷ்பேசினில் கையையும் முகத்தையும் அலம்பிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தவசிமணி நடந்தான். கடைவீதி மொத்தமும் அவனைப் பார்த்தது. இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தவனை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, பேச்சிக்கனி அத்தை நகத்தால் ஒவ்வொரு சில்லாகக் கிள்ளி முகர்ந்து வீதிக்கே கேட்கும்படி சொன்னாள்.

"இது டெய்லர். இது வடை போடுறவன், வாடையே சொல்லுது. இது ரெண்டும் நாயி. பொம்பளை வாடை ஒண்ணுகூட இல்ல. மாப்பிள்ளை முகம் சுத்தமா இருக்கு. தாம்பூலத்தை எடுங்க."

ராஜகனி தட்டை எடுத்தாள். உள்ளே தங்கபுஷ்பத்துக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது.

"ஏம்மா பார்லர்க்காரி, பஞ்சும் பன்னீரும் கொண்டாந்து இந்த நாய்ச் சில்லைத் துடைச்சுவிடு, அசையமாட்டேங்குது" என்று அத்தை கூப்பிட்டாள்.

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள். பேச்சிக்கனி பஞ்சு வாங்க நீட்டின கையை அப்படியே நிறுத்தினாள். ராஜகனி தட்டை இடுப்புக்கு இறக்கினாள். வடை போடுகிறவன் கரண்டியோடு வீதிக்கு வந்துவிட்டான்.

"நிமிரு தாயி" என்றாள் அத்தை.

நிமிர்ந்தாள். நெற்றி தொடங்கி நாடி வரைக்கும், விரல் வைக்க இடமில்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கருப்பட்டிப் பாகு நிறத்தில் சில்லு அப்பிக்கிடந்தது. காதுமடலில் இருந்தது, மூக்குத்தியைச் சுற்றி இருந்தது, மூடியிருந்த இமைமேல்கூட இரண்டு. பேச்சிக்கனி ஒன்றைக் கிள்ளப் பார்த்தாள், வரவில்லை. குனிந்து முகர்ந்தாள். கடலை எண்ணெய். அது இந்த ஊரில் எவன்மேலும் அடிக்கும் என்று இன்னொரு தடவை இழுத்தாள். எண்ணெயோடு சூடம். அப்புறம் அந்தப் பெரிய மனுஷி இரண்டடி எடுத்துவைத்து, தினமும் கல்லாவில் சூடம் கொளுத்திவிட்டுக் கடை திறக்கிற தவசிமணியின் சட்டைக் காலரை முகர்ந்தாள்.

"நாற்பது மாப்பிள்ளை மூஞ்சியைச் சோதிச்சிருக்கேன்" என்றாள் மெதுவாக. "மாப்பிள்ளை எந்த மூஞ்சியைப் பாக்கான்னு ஒருநாளும் சோதிக்கலையே."

தவசிமணி தரையைப் பார்த்தான். முகத்தில் ஒளிந்துகொள்ள ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

"பஞ்சைச் சரியா வைக்கலைங்க நீங்க" என்றான் தங்கபுஷ்பத்திடம். "கண்ணு திறந்துதான் இருந்துச்சு. நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க. எப்பவும் பாக்கிறதுதான், நீங்க நிமிர்றப்ப தராசு பக்கம் திரும்பிக்குவேன். எண்ணெய்யா இருந்ததால இத்தனை நாளும் தெரியாமப் போச்சு."

தங்கபுஷ்பம் கதவுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கை தன்னால் பஞ்சோடு மேலே போனது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, மானம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு துடைப்பில் பாதியாவது போய்விடும். பஞ்சு கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. அவளைச் சந்தோஷம் ஒரு பக்கம் இழுத்தது, வெட்கம் காதைச் சுட்டது, இரண்டில் எது பெரிசு என்று அவள் யோசிக்கவில்லை. பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, படத்தின் ஓரம் இல்லாமல், கதவிடுக்கு இல்லாமல், நட்டநடு வீதியில் நின்றுகொண்டு அவனை நேருக்கு நேராகப் பார்த்தாள். அவன் கன்னத்தில் ஒன்று ஒட்டியது, நெற்றியில் ஒன்று, மீசையில் ஒன்று, நாய்ச் சில்லுகளை மூடிக்கொண்டு மேலே மேலே ஒட்டியது, வெள்ளரிக்காயும் பன்னீரும் வடைக்கடை வரைக்கும் மணத்தது. கூட்டத்துக்குள்ளிருந்து நகைக்கடைக் கற்பகக்கனி, "அடிப்பாவி, நீதானா அது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ராஜகனிதான் தட்டோடு திண்டாடினாள். "அத்தை, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. உங்க பொண்ணுக்கு நாங்க என்ன பதில் சொல்ல?"

"அவ கிடக்கா" என்றாள் பேச்சிக்கனி. "மூணு மாசமா அவ மூஞ்சியில லைப்ரரிக்காரன் சில்லு ஒட்டிக்கிட்டு வருது. பழைய புஸ்தக வாடை, தலையை வலிக்கும். அதைத் தொலைக்கத்தான் அவசர அவசரமா இங்க வந்தோம். போய் அவனுக்கே பேசி முடிக்க வேண்டியதுதான்." தாம்பூலத் தட்டை ராஜகனி கையிலிருந்து வாங்கி, கொஞ்சமும் யோசிக்காமல் தங்கபுஷ்பத்தின் கையில் வைத்தாள்.

கூட்டம் கலையவில்லை, யாரும் யாரையும் பார்ப்பதை நிறுத்தவுமில்லை. அத்தையைக் கூட்டிவந்த கார் டிரைவர் வந்து புறப்படலாமா என்று கேட்டான். பேச்சிக்கனி பார்லருக்குள் போய், தவசிமணி உட்கார்ந்திருந்த நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கட்டும் தாயி" என்றாள். "எனக்கும் ஒண்ணு போட்டுவிடு. வந்ததோட நானும் ஒரு நடை நடந்து பாத்துட்டுப் போறேன்."